டீசல் வண்டியில் ‘டி.ஐ.’

எழுத்து என் கையோடு வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை. பாரிசில் எங்கள் ஆட்களின் கடைத்தெருவான லா சப்பலில் கடைகள் திறக்க இன்னும் ஒரு மணித்தியாலம் இருந்தது. என் கணவர் வேலை செய்யும் மரக்கறிக் கடையின் பின்தெருவில் எங்கள் பழைய பிக்கப்பை நிறுத்திவிட்டு, ஒரு வாளித் தண்ணீரோடும் தேய்ந்த பல் பிரஷ்ஷோடும் அதன் பின்பக்கத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பாரிஸ் தெருவில் வண்டி கழுவக்கூடாது என்று கேள்விப்பட்டிருந்ததால் ஒரு கண் வண்டியிலும் மற்றக் கண் தெருமுனையிலும் இருந்தன. நான் அப்படிப்பட்ட ஆள். பச்சை விளக்கு எரிந்த பிறகும் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் தெருவைக் கடப்பேன்.

வண்டிக்குப் பூசை வைத்த நாளில் பூசிய சந்தனம், பின்னால் இருந்த ‘டி.ஐ.’ என்ற எழுத்துகளின் இடுக்குகளில் காய்ந்து கட்டிபட்டுக் கிடந்தது. அதைக் கிளறப் போன இடத்தில், தகடு முழுவதுமாகக் கழன்று என் உள்ளங்கையில் விழுந்தது.

திருப்பிப் பார்த்தேன். இரண்டு பக்கமும் ஒட்டுகிற நாடா. வண்டியில் அது இருந்த இடத்தில் ஒரு துளைகூட இல்லை. பக்கத்தில் இருந்த 504 என்ற மொடல் எண்ணை அசைத்துப் பார்த்தேன். அது தகரத்துக்குள் ஊசி இறக்கி உறுதியாக நின்றது.

“இஞ்சேருங்கோ, இதென்ன கழண்டு வந்திட்டுது?”

இவர் கோப்பிக் குவளையோடு வந்து பார்த்தார். முகத்தில் ஒரு பதற்றமும் இல்லை.

“அது ஒட்டினதப்பா.”

“ஆர் ஒட்டினது?”

“நான்தான். பின்பக்கம் வெறும் நம்பரோட ஒரு மாதிரிக் கிடந்தது. பழைய சாமான் சந்தையிலை இதைக் கண்டன். வடிவாயிருந்துது, ஒட்டிவிட்டன்.”

“எனக்கேன் சொல்லேல்லை?”

“நீர் கேக்கேல்லையே.”

இருபத்தைந்து வருடத் தாம்பத்தியத்தில் இந்தப் பதிலை நான் எத்தனை தரம் கேட்டிருப்பேன் என்று தெரியாது. ஆனால் அன்று அதைச் சிரித்துத் தள்ள முடியவில்லை. ஏனென்றால் இரண்டு நாளுக்கு முன், வெள்ளிக்கிழமை, நான் ஒரு படிவத்தை நிரப்பித் தபாலில் போட்டிருந்தேன்.

வியாழன் ஒரு கடிதம், வெள்ளி ஒரு கடிதம்

பழைய டீசல் வண்டிகளைப் பாரிசுக்குள் விடமாட்டார்கள் என்ற பேச்சு ஒவ்வொரு வருடமும் ஒவ்வொரு விதமாக வரும். தள்ளிப்போட்டார்கள் என்பார்கள், இல்லை இறுக்குகிறார்கள் என்பார்கள். முப்பது வயது தாண்டிய வண்டியைச் சேகரிப்பு வாகனம் என்று பதிந்துவிட்டால் தப்பலாம் என்று கடையில் யாரோ சொன்னார்கள். அதற்கு முதலில் பழைய வண்டிகளுக்குச் சான்று கொடுக்கும் ஒரு சங்கத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும்.

எங்கள் வீட்டில் கடுதாசி வேலை எல்லாம் என் தலையில்தான். அதனால் வண்டி வாங்கும்போதே என் பெயரில் வாங்கியிருந்தோம். படிவத்தில் ‘வகை, தரம்’ என்று ஒரு கட்டம். வெளியே போய் வண்டியின் பின்பக்கத்தைப் பார்த்தேன். 504 டி.ஐ. அப்படியே எழுதினேன். நாலு பக்கமும் படம் எடுத்து வைத்தேன். ‘மேலே உள்ளவை உண்மை என்று என் மானத்தின் பேரில் உறுதியளிக்கிறேன்’ என்ற வரிக்குக் கீழே கையெழுத்தும் போட்டேன்.

அதற்கு முதல் நாள், வியாழக்கிழமை, இன்னொரு கடிதம் வந்திருந்தது. பிரெஞ்சுக் குடியுரிமைக்கான நேர்முகம். ஐந்து வாரத்தில் வரச் சொல்லியிருந்தார்கள்.

இவருக்குக் குடியுரிமை எப்போதோ கிடைத்துவிட்டது. மகள் துளசி இங்கேயே பிறந்தவள். நான் மட்டும் பயத்தில் தள்ளித் தள்ளிப் போட்டு, வீட்டில் ஒரே ஒரு வெளிநாட்டுக்காரியாக இருந்தேன். வாக்குப்போட அவர்கள் இரண்டு பேரும் வெளிக்கிட்டுப் போக, நான் ஞாயிற்றுக்கிழமைச் சமையலைப் பார்ப்பேன். “அம்மாதான் இஞ்சை பழைய மொடல்” என்று இவர் சிரிப்பார். போன வருடம்தான் துணிந்து விண்ணப்பம் போட்டேன்.

இப்போது தெருவில் நின்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். மானத்தின் பேரில் ஒரு பொய். ஐந்து வாரத்தில் நேர்முகம்.

“வண்டிச் சங்கத்துக்கும் குடியுரிமை குடுக்கிற பிரெபெக்சருக்கும் என்னப்பா தொடர்பு? ஆர் பாக்கப்போறாங்கள், விடும்” என்றார் இவர்.

“சங்கம் சான்று தந்தாப்பிறகு கார்த் கிரீஸ் ஆற்றை பெயராலை வாறது? அரசாங்கத்தின்ரை பெயராலைதானே?”

வண்டியின் பதிவுப் பத்திரத்தைத்தான் இங்கே கார்த் கிரீஸ் என்போம். இவர் கோப்பியைக் குடித்து முடித்துவிட்டுக் கடைக்குள் போய்விட்டார். அதுதான் என்னை இன்னும் பயமுறுத்தியது.

பின்பக்கத்துப் பட்டங்கள்

அந்த வாரம் முழுவதும் நான் பழைய பிக்கப்புகளின் எழுத்துகளைப் படித்தேன். அலுவலகத்தில் சாப்பாட்டு இடைவேளையில் படித்தேன், சோறு அடுப்பில் இருக்கும்போது படித்தேன். ஒரு நாள் சோறு அடிப்பிடித்தது.

எண் என்பது வண்டியின் குடும்பப் பெயர் மாதிரி. 504 என்றால் அந்தக் குடும்பத்தில் எல்லாருக்கும் 504தான். பின்னால் வருகிற எழுத்துத்தான் அது எந்தத் தரம் என்று சொல்கிறது. ‘எல்’ என்றால் சாதாரணம். ‘ஜி.எல்.’ என்றால் இருக்கையும் உள்ளலங்காரமும் கொஞ்சம் மேல். ‘டி.ஐ.’ என்பது பெற்றோலைப் பீய்ச்சி ஓடும் விலை கூடிய கார். காரிலே மட்டும்தான் அந்த எழுத்து வந்தது.

எங்களுடையது பிக்கப். அதுவும் டீசல். வயிற்றிலே டீசலை ஊற்றிக்கொண்டு, முதுகிலே பெற்றோல் என்று எழுதிக்கொண்டு ஓடியிருக்கிறது. வண்டி தெரிந்த ஒருவன் படத்தைப் பார்த்த உடனே சிரித்திருப்பான்.

உண்மை எங்கே இருக்கும் என்றும் படித்தேன். எஞ்சினை மூடும் போனற்றைத் திறந்தால் உள்ளே ஒரு சின்ன அலுமினியத் தகடு. அதிலே அடித்திருக்கும் எண்ணும் குறியும்தான் வண்டியின் பிறப்புச் சான்று. வெளியே எதை வேண்டுமானாலும் ஒட்டலாம். நான் படிவம் நிரப்பப் போனபோது போனற்றைத் திறக்கவே இல்லை. எண்ணெய் கையில் படும் என்று சோம்பல்.

இவருக்கு என் மீது இரக்கம் வந்திருக்க வேண்டும். ஒரு மாலை பக்கத்தில் இருந்து தன் கைபேசியில் அமெரிக்கப் பிக்கப் ஒன்றைக் காட்டினார். பக்கத்தில் ‘கஸ்டம் டீலக்ஸ்’ என்று பெரிதாகப் போட்டிருந்தது.

“இது எப்பிடிப்பட்ட மொடல் எண்டு நினைக்கிறீர்?”

“ஆக மேலானதாக்கும்.”

“ஆகக் கீழானது. அதுக்குத்தான் அவ்வளவு பெரிய பெயர். கொம்பனிக்காரனே அப்பிடிச் செய்யிறான், நான் ரெண்டெழுத்து ஒட்டினது பெரிய குற்றமே?”

எனக்குச் சிரிப்பு வந்தது, கோபமும் வந்தது. எங்கள் ஆட்களின் குணமே இதுதான். கலியாணக் கார்ட்டில் மாப்பிள்ளையின் பெயருக்குப் பின்னால் அரைவரிக்குப் பட்டம் இருக்கும். கணினி திருத்தும் கடையில் நிற்கிற பிள்ளை பொறியியலாளர் ஆகிவிடுவான். வெறும் பெயரோடு ஒருவரை விட்டால் உடுப்பில்லாமல் சபையில் விட்ட மாதிரி எங்களுக்குக் கூசுகிறது. இவர் வண்டியையும் வெறும் எண்ணோடு விட மனமில்லாமல் பட்டம் கொடுத்திருக்கிறார். சந்தனமும் பூசியிருக்கிறார்.

லூர்துசாமி சொன்னது

முசியே லூர்துசாமி பாண்டிச்சேரிக்காரர். பிரெஞ்சு அரசாங்க உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். வாரத்தில் இரண்டு தரம் முருங்கைக்காய் வாங்கக் கடைக்கு வருவார். கடுதாசிச் சிக்கல் என்றால் லா சப்பலில் பாதிப்பேர் அவரிடம்தான் போவார்கள். பையைக் கீழே வைக்காமலே நின்று கேட்பார்.

நான் தகட்டை அவர் கையில் கொடுத்து முழுவதையும் சொன்னேன்.

“மதாம், இதுக்கா இப்படி வெளுத்துப் போயிருக்கீங்க? ஒரு லெத்ர் எழுதுங்க. இன்னிக்கே. ரெக்கொமாந்தேல போட்டுடுங்க.”

“நானே என்ரை பிழையைச் சொல்லிக் குடுக்கிறதோ?”

“நீங்க முந்திக்கிட்டா அது தப்பு. அவன் முந்திக்கிட்டா அது பொய். தப்புக்கு இந்த ஊர்ல மன்னிப்பு உண்டு, மதாம். நாற்பது வருஷம் அந்த மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தவன் சொல்றேன்.”

அன்று பின்னேரமே எழுதினேன். தகடு என் கணவர் சந்தையில் வாங்கி ஒட்டியது, எனக்குத் தெரியாது, போனற்றுக்குள் இருக்கும் தகட்டின் படத்தை இத்துடன் இணைக்கிறேன், தரம் என்ற கட்டத்தில் ஒன்றும் இல்லை என்று திருத்திக்கொள்ளவும். அவர் சொன்னபடியே பதிவுத் தபாலில் போட்டுவிட்டு வந்தேன்.

நெஞ்சு இலேசாகியிருக்க வேண்டும். ஆகவில்லை. வண்டியைப் பற்றி மட்டும்தான் அவரிடம் கேட்டிருந்தேன். மற்றதைக் கேட்கவில்லை. அவர் சொன்ன ‘பொய்’ என்ற சொல் அந்த மற்றதைப் போய்த் தொட்டுவிட்டது.

அப்பாவுக்கு ஒட்டிய தகடு

நான் பாரிசுக்கு வந்த புதிதில் அகதிக் கோரிக்கை எழுதிக் கொடுக்க லா சப்பலில் ஒருவர் இருந்தார். டெலிபோன் கார்ட் விற்கும் கடைக்கு மேலே ஓர் அறை. உள்ளே எப்போதும் ஈரக் குடையும் சிகரெட்டும் கலந்த வாசம். அவர் கெட்ட மனிதர் இல்லை. எத்தனையோ பேரின் வாழ்க்கையை வரிசைப்படுத்தி எழுதிக் கொடுத்தவர். எனக்கு நடந்ததை நான் சொல்லச் சொல்ல அப்படியே எழுதினார். ஓரிடத்தில் மட்டும் பேனாவை நிறுத்தினார்.

“தங்கச்சி, அப்பா என்ன வேலை?”

“லொறி ஓடினவர். சுன்னாகத்திலை.”

“லொறியோ? லொறி எண்டு போட்டா, எந்தப் பக்கத்துக்கு என்னத்தை ஏத்தினவர் எண்டு கேப்பாங்கள். நீர் ஒண்டு சொல்ல அவங்கள் ஒண்டு விளங்குவாங்கள். அதிபர் எண்டு போடுவம்.”

“எந்தப் பள்ளிக்கூடத்து அதிபர்?”

“ஒரு சின்னப் பள்ளிக்கூடம். ஆர் போய்ப் பாக்கிறது?”

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. இராணுவத்துக்கா இயக்கத்துக்கா ஏற்றியது என்று கேட்கிற அந்த யுத்தகாலத்தில் லொறி என்ற சொல்லே ஒரு குற்றம் மாதிரி இருந்தது. தலையாட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். என் அப்பா அந்த நிமிடத்தில் அதிபர் ஆனார்.

பிறகு அதை மாற்ற வழியில்லை. ஒரு கடுதாசியில் இருப்பது மற்றதில் இல்லாமல் போனால் பிடித்துவிடுவார்கள் என்பதுதான் எங்கள் எல்லாருக்கும் தெரிந்த முதல் சட்டம். குடியுரிமை விண்ணப்பத்தில் வாழ்க்கைக் குறிப்பு எழுதும்போதும் பழையதைப் பார்த்து அப்படியே இறக்கினேன். தந்தை: பாடசாலை அதிபர்.

அப்பா எட்டாம் வகுப்போடு நின்றவர். எழுத்துக் கூட்டித்தான் பேப்பர் படிப்பார். நான் அவரை அதிபராக்கியது அவருக்குத் தெரியாமலே போய்ச் சேர்ந்துவிட்டார். ஊரிலிருந்து மரண அறிவித்தலுக்கு விபரம் கேட்டபோது, தொழில் என்ன என்று போடாமல் விடச் சொன்னேன். அந்தப் பத்திரிகை பாரிசுக்கும் வரும். அப்பாவின் வேலையைச் சொல்ல எனக்குப் பயம். இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

மூன்று வாரத்தில் வந்த பதில்

சங்கத்தின் பதில் வந்தபோது உறையைப் பிரிக்க முடியாமல் துளசியிடம் கொடுத்தேன். அவள் வாசித்துவிட்டுச் சிரிக்கத் தொடங்கினாள். அச்சடித்த கடிதத்தின் கீழே ஒருவர் கையால் எழுதியிருந்தார்.

‘மதாம், உங்கள் திருத்தம் வருவதற்கு முன்பே கவனித்துவிட்டோம். டீசலில் ஓடும் டி.ஐ. பிக்கப்பை எங்கள் உறுப்பினர்கள் யாரும் இதுவரை கண்டதில்லை. உங்கள் படம் இங்கே கைமாறிக் கைமாறிப் போனது. விளக்கம் கேட்டு எழுத இருந்த நேரம் உங்கள் கடிதம் கிடைத்தது. அந்தத் தகடு இல்லாமல் ஒரு புதிய படம் அனுப்புங்கள்.’

“பாத்தீரே, ஒண்டுமில்லை” என்றார் இவர்.

அவருக்கு ஒன்றுமில்லை. எனக்கு ஒரே ஒரு வரிதான் கண்ணில் நின்றது. முன்பே கவனித்துவிட்டார்கள். தெரிந்தவர்கள் பார்த்த உடனே கண்டுபிடித்துவிட்டு, நான் என்ன சொல்வேன் என்று பேசாமல் காத்திருந்திருக்கிறார்கள். என் குடியுரிமைக் கோப்பும் யாரோ தெரிந்தவரின் மேசையில் அப்படித்தானே இருக்கும்?

நேர்முகத்துக்குப் போகும் காலை, சப்பாத்துப் போட்டுக்கொண்டே இவர் சொன்னார்.

“நதி, மலை, சனாதிபதி எல்லாம் பாடமாக்கிப்போட்டீர். கேட்டதுக்குப் பதில் சொல்லும். அப்பாவின்ரை கதையை மட்டும் கிளறாதையும்.”

“கேட்டால்?”

“கேக்க மாட்டினம்.”

மூன்றாம் மாடி

நேர்முகம் செய்த அதிகாரி என் வயதுப் பெண். கண்ணாடியை நெற்றிக்கு மேல் ஏற்றி வைத்திருந்தார். அறையில் சூட்டுக்குழாய் டிக் டிக் என்று சத்தம் போட்டது. என் கைப்பிடிக்குள் இருந்த வரிசை எண் டிக்கட் ஈரமாகிக் கசங்கிப் போயிருந்தது.

நதிகளைக் கேட்டார், சொன்னேன். மதச்சார்பின்மை என்றால் என்ன என்று கேட்டார், சொன்னேன். வேலை, மகளின் படிப்பு, அயலார் எல்லாம் கேட்டார். நாற்பது நிமிடம் போனது. கடைசிப் பக்கத்தைப் புரட்டிக்கொண்டே நிமிர்ந்து சிரித்தார்.

“உங்கள் தந்தை பாடசாலை அதிபர். அதுதான் உங்கள் பிரெஞ்சு இவ்வளவு ஒழுங்காக இருக்கிறது.”

அது கேள்வியே இல்லை. ஒரு பாராட்டு. நானும் ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு எழுந்து வந்திருக்கலாம். வாய் சிரிக்கத் தொடங்கியும் விட்டது.

“இல்லை, மதாம். அவர் லொறி ஓட்டினவர்.”

அவர் கண்ணாடியை இறக்கிக் கண்ணில் போட்டார்.

“இங்கே அதிபர் என்று எழுதியிருக்கிறீர்களே?”

“பழைய கோரிக்கையில் வேறொருவர் எழுதினார். நான் கையெழுத்துப் போட்டேன். இதிலே நானே எழுதினேன். பிழை என்னுடையது.”

“ஏன்?”

தண்ணீர் கேட்கவும் பயமாக இருந்தது.

“லொறி என்றால், என்ன ஏற்றினார் என்று நீங்கள் கேட்பீர்கள் என்று பயந்தேன்.”

அவர் பேனாவை எடுத்தார்.

“என்ன ஏற்றினார்?”

“வெங்காயம்” என்றேன். “சின்ன, சிவப்பு வெங்காயம். பிறகு புகையிலை. சில நாளில் வாழைக்குலை. கொழும்புக்குக் கொண்டுபோய் இறக்கிவிட்டு, வரும்போது மாவும் சீனியும் ஏற்றி வருவார்.”

“வேறு?”

“வேறு ஒன்றும் இல்லை. யுத்தத்தில் கொழும்புப் பாதை பூட்டின பிறகு லொறி வீட்டு வளவுக்குள்ளேயே நின்றது.”

அவர் நான் சொன்ன வரிசையிலேயே எழுதினார். வெங்காயம் சிவப்பு என்பதையும் எழுதினார். பிறகு, பழைய கோப்போடு இதை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும், நாளாகும், முடிவு எந்தப் பக்கம் போகும் என்று தன்னால் சொல்ல முடியாது என்றார். கை கொடுத்தார். அவருடைய கை சூடாக இருந்தது, என்னுடையது ஐஸ்.

வெளியே இவர் காத்துக்கொண்டு நின்றார்.

“என்ன கேட்டவை?”

“அப்பா என்ன ஏத்தினவர் எண்டு.”

இவருடைய முகம் மாறியது. என்னை ஏசப்போகிறார் என்று நினைத்தேன். என் பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார்.

“என்ன சொன்னனீர்?”

“வெங்காயம்.”

“உண்மைதானே” என்றார்.

முடிவு இன்னும் வரவில்லை. தபால்காரர் வருகிற நேரத்துக்குக் கீழே இறங்கிப் போய் நிற்கிறேன். பெட்டியைத் திறக்குமுன் ஒரு கணம் கையை எடுத்துவிடுகிறேன். மறுத்துவிட்டால் என்ன செய்வது என்று நான் யோசித்து வைக்கவில்லை. அப்பா மட்டும் அந்தக் கோப்புக்குள் லொறி ஓடிக்கொண்டிருக்கிறார்.